அப்பா பேசிய பிரெஞ்சு

ஆங்கிலத்தின் மேல் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. அதன் பெரிய சொற்கள் மேல் இல்லை. பெரிய சொற்கள் யோக்கியமானவை. அகராதியைத் திறந்தால் சொன்ன இடத்தில் நின்றுகொண்டிருக்கும். கோபமெல்லாம் கோ, கெட், புட், டேக் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த பொடிச்சொற்கள் மேல்தான். தனியாக இருக்கும்வரை பரம சாது. பின்னால் ஆஃப், அப், அவுட் என்று ஒரு வால் முளைத்துவிட்டால் போதும், அப்புறம் பிடிக்க முடியாது.

இந்தக் கோபம் என்னைப் பிடித்தது குன்னூரில், பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த ஒரு மழைக்காலத்தில். பிடிக்க வைத்தவர் ஒரு விருந்தினர் விடுதியின் முதலாளி. கீழ் கோத்தகிரிப் பக்கம் தேயிலை எஸ்டேட் ஒன்றில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சுதந்திரம் வந்து பல வருடம் கழித்தும் அந்த எஸ்டேட்டில் ஒரு வெள்ளைக்கார மேனேஜர் இருந்திருக்கிறார். அவர் ஒருநாள் கப்பலேறிவிட்டார். அவருடைய ஆங்கிலம் மட்டும் எங்கள் முதலாளியிடம் தங்கிவிட்டது. ‘பக் அப்’, ‘கேரி ஆன்’, ‘நாக் ஆஃப்’, ‘டர்ன் அப்’ என்று வால் இல்லாத வினைச்சொல் ஒன்றை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. வெறும் ‘கம்’ என்று சொல்வது அவருக்கு மரியாதைக்குறைவு. விடுதி நாயைக்கூடக் ‘கம் அலாங்’ என்றுதான் கூப்பிடுவார்.

அவர் ஒருநாள் மார்க்கெட்டில் என்னையும் அம்மாவையும் கேரட் கடைக்கு முன்னால் வழிமறித்தார்.

“ஏனம்முணி, நீ பிரெஞ்சு படிச்சிருக்கறயாமா?”

“ப்ளஸ் டூவுலயும் காலேஜுலயும் ரெண்டாவது மொழியா எடுத்தேனுங்க.”

“போதும் போதும். அடுத்த வாரம் ஒரு வேன் நெறைய பிரெஞ்சுக்காரங்க வர்றாங்க. எல்லாம் வயசானவங்க. நம்ம ரூல்ஸ் பூரா பிரெஞ்சுல வேணும். நீ டேக் அப் பண்ணிக்கறயா?”

அந்தக் காலத்தில் பிரெஞ்சு எடுப்பது பிரெஞ்சு பேசுவதற்காக அல்ல, மார்க்குக்காக. தமிழில் எத்தனை பக்கம் எழுதினாலும் போடாத மார்க்கை பிரெஞ்சில் நாலு வாக்கியத்துக்குப் போட்டுவிடுவார்கள். நானும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். ஆனால் போன இடத்தில் அந்த மொழி எனக்குப் பிடித்துத் தொலைந்துவிட்டது. ரகசியமாகச் சொன்னால், குளிக்கும்போதுகூட வெந்நீர்ப் பானையிடம் பிரெஞ்சில்தான் பேசுவேன். பானை மறுத்துப் பேசாது என்பதால் என் உச்சரிப்பைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது.

முதலாளி ஒரு கோப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு அறையிலும் கட்டில் ஓரத்தில் வைப்பதற்காக அவரே ஆங்கிலத்தில் எழுதிய வேண்டுகோள்கள். பழங்களை வெளியே ‘புட் அவுட்’ பண்ணாதீர்கள், குரங்குகள் எடுத்துக்கொண்டு ‘மேக் ஆஃப்’ பண்ணிவிடும். இரவில் கணப்பை ‘புட் அவுட்’ பண்ணிவிட்டுத் தூங்குங்கள். வெந்நீர் காலையிலேயே ‘ரன் அவுட்’ ஆகிவிடும், தயவுசெய்து ‘புட் அப் வித்’. தோட்டத்தில் காட்டெருமை ‘டர்ன் அப்’ ஆனால் நீங்கள் ‘பேக் ஆஃப்’ ஆகுங்கள்.

பழத்தை வெளியே வைப்பதும் புட் அவுட், தீயை அணைப்பதும் புட் அவுட். எனக்குத் தலை சுற்றியது. பிரெஞ்சில் இந்த விளையாட்டெல்லாம் அவ்வளவாக நடக்காது. அணைப்பதற்கு ஒரு சொல், பொறுத்துக்கொள்வதற்கு ஒரு சொல், தீர்ந்துபோவதற்கு ஒரு சொல் என்று வேலைக்கு ஓர் ஆள் வைத்திருக்கிறார்கள். ஆகவே மொழிபெயர்ப்பது என்றால், முதலில் முதலாளி மனதில் என்ன இருந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். அது அவருக்கே சரியாகத் தெரியாது.

எல்லாவற்றுக்கும் சிகரமாக ஒரு வேண்டுகோள் இருந்தது. எங்கள் பக்கம் வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்று உண்டு. வேலை நேரத்துக்கு அங்கே சங்கு ஊதும். புதிதாக வருகிறவர்கள் போர் வந்துவிட்டது என்று பதறுவார்கள். அதற்காக முதலாளி எழுதியிருந்தார்: சைரன் ‘கோஸ் ஆஃப்’ ஆனால் பயப்படாதீர்கள், எதுவும் ‘கான் ஆஃப்’ ஆகவில்லை. அதற்குக் கீழேயே, கரண்ட் ‘கோஸ் ஆஃப்’ ஆனால் மணியடியுங்கள், பால் ‘கான் ஆஃப்’ ஆகியிருந்தால் சமையலறையில் சொல்லுங்கள். ஆக ஒரே சொல்லில் சங்கு ஊதுகிறது, வெடி வெடிக்கிறது, விளக்கு அணைகிறது, பால் கெடுகிறது. விருந்தாளி ‘கோ ஆஃப்’ ஆனால் ஊரைவிட்டே கிளம்பிவிடுகிறார்.

தமிழில் யோசித்துப் பார்த்தபோதுதான் வழி பிறந்தது. நம்மிடமும் வால் உண்டு. சாப்பிடு என்பது சும்மா இருக்கும். சாப்பிட்டுப் பார், சாப்பிட்டு வை, சாப்பிட்டுத் தொலை என்றால் மூன்றும் மூன்று பொருள். முதலாளியின் ஆங்கிலத்தை முதலில் எங்கள் வீட்டுத் தமிழுக்குக் கொண்டுவந்தேன், பிறகு அங்கிருந்து பிரெஞ்சுக்கு அனுப்பினேன். அப்படிப் போகும்போது வழியில் சில அதிசயங்கள் கிடைத்தன. பால் கெட்டுவிட்டதை நாம் ‘திரிஞ்சு போச்சு’ என்கிறோம். பிரெஞ்சுக்காரர்களும் பால் திரும்பிவிட்டது என்றுதான் சொல்கிறார்கள்! எத்தனை கடல் தாண்டி இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுப் பாலும் எங்கள் வீட்டுப் பாலும் ஒரே பக்கம் திரும்பியிருக்கிறது. அன்று சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அம்மா பதறிப்போய் அடுப்பைப் பார்க்க ஓடினார்.

கடைசி வேண்டுகோள்தான் என்னை மூன்று நாள் படுத்தியது. ‘கைண்ட்லி பேர் வித் அஸ்.’ அகராதி, எங்களைத் தாங்கிக்கொள்ளுங்கள் என்ற பொருளில் ஏதோ கொடுத்தது. ஏதோ நோயாளி சொல்வதுபோல் இருந்தது. முதலாளி சொல்ல வந்தது அது இல்லை. எங்கள் மலையில் மழை வந்தால் கரண்ட் போகும், தண்ணீர் வராது, பஸ் நிற்கும், யாரும் அலட்டிக்கொள்ள மாட்டார்கள், எல்லோரும் எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள். அந்தச் சமாளிப்புக்குப் பிரெஞ்சில் ‘தெப்ரூயே’ என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. சிக்கலிலிருந்து தானே வழி கண்டு வெளியே வருவது. மூடுபனிக்கான ‘ப்ரூயார்’ அதற்குச் சொந்தக்காரனோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மூடுபனியிலிருந்து வெளியே வரத் தெரிந்தவர்கள்தானே நாங்கள்! ஆகவே முதலாளியின் வேண்டுகோளைக் கழற்றி வைத்துவிட்டு நானே எழுதினேன்: “இந்த மலையில் எல்லோரும் எப்படியோ சமாளித்துக்கொள்கிறோம். நீங்களும் சமாளித்துவிடுவீர்கள்.”

இவ்வளவு பாடும் எதற்காக என்றால், முதலாளிக்காக மட்டும் இல்லை. பாண்டிச்சேரியில் ஜனவரியில் தொடங்கும் ஒரு வருட மொழிபெயர்ப்புப் படிப்பில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. வருகிறேனா இல்லையா என்று நவம்பர் முடிவதற்குள் சொல்லியாக வேண்டும். அதே சமயம் அப்பா வேலை பார்த்த அந்த வெடிமருந்துத் தொழிற்சாலையில் டைப்பிஸ்ட் வேலைக்குத் தேர்வு வைத்திருந்தார்கள். அப்பா எனக்காக விண்ணப்பம் போட்டுவிட்டார். சங்கு ஊதினால் போக வேண்டும், சங்கு ஊதினால் திரும்ப வேண்டும், குவார்ட்டர்ஸ் கிடைக்கும், பென்ஷன் வரும். அப்பாவுக்கு அதைவிட அழகான வாழ்க்கை இந்த உலகத்தில் கிடையாது.

அப்பா கோபப்படுகிறவர் இல்லை. அதுதான் கஷ்டம். கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். அவர் ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டே நிதானமாகக் கேட்பார்.

“பிரெஞ்சு படிச்சு யாருகிட்டக் கண்ணு பேசுவ? குன்னூர்ல பிரெஞ்சுக்காரன் எங்க இருக்கறான்?”

“இப்ப வர்றாங்களேப்பா, ஒரு வேன் நெறைய. அவங்ககிட்டப் பேசிக் காட்டறேன். அவங்களுக்கு நான் பேசறது புரிஞ்சுதுன்னா பாண்டிச்சேரிக்கு அனுப்புவீங்களா?”

“பாக்கலாம்.”

எங்கள் வீட்டில் அப்பா ‘பாக்கலாம்’ என்றால் அந்தக் காரியம் முடிந்தது என்று அம்மா சொல்வார். நல்லபடியாக முடிந்ததாக அல்ல.

வேன் வந்த மாலையில் நல்ல மழை. பெருமழையை ஆங்கிலத்தில் நாயும் பூனையுமாகப் பெய்கிறது என்பார்கள். பிரெஞ்சில் கயிறு கயிறாகப் பெய்கிறது. தலையில் கயிறு விழுந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம், நாய் எதற்கு விழ வேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இதை வந்தவர்களிடம் சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்துவிட்டு விடுதி வாசலில் நின்றேன். பட்டுப்புடவை, அதன் மேல் அம்மாவின் சால்வை.

சிவப்பு மழைக்கோட்டு போட்ட உயரமான ஓர் அம்மா முதலில் இறங்கினார். ஓய்வு பெற்ற ஆசிரியை என்று பிறகு தெரிந்தது. “உங்கள் பயணம் இனிமையாக அமைந்ததா?” என்று பாடப்புத்தகத்தில் இருப்பதை அப்படியே அழகாகக் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. மலர்ந்து, பேசினார். பேசினார் என்றால், கல்லாறு பொங்கி வருவதுபோல் வந்தது. எங்கள் புத்தகத்தில் ‘எனக்குத் தெரியாது’ என்பதற்கு நாலு சொல் தனித்தனியாக நிற்கும். இவர்கள் அதை மென்று விழுங்கி ‘ஷேபா’ என்று துப்புகிறார்கள். பின்னால் இறங்கியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. கயிறுகளைப் பற்றிய என் நகைச்சுவை தொண்டையிலேயே நனைந்துபோனது.

“பேசு அம்முணி, ஸ்பீக் அப், ஸ்பீக் அப்!” என்று முதலாளி பின்னாலிருந்து முடுக்கினார்.

நான் சிரித்தேன். தலையாட்டினேன். அறைச் சாவிகளைக் கொடுத்தேன். சாவி கொடுக்கப் பிரெஞ்சு தேவையில்லை.

வீட்டுக்கு வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். அப்பா ரசத்தை என் பக்கம் நகர்த்தினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“என்னாச்சு? புரியலையாமா?”

“புரியலீங்கப்பா.”

“அவங்களுக்கா, உனக்கா?”

“எனக்கு.”

“சரி, சாப்பிடு. திங்கக்கெழமை டைப்பு பரிச்சை இருக்குது, மறந்துராத.” அவர் குத்திக்காட்டவில்லை. இரக்கத்தோடுதான் சொன்னார். அந்த இரக்கத்தில் எனக்கு ரசம் சாதம் இறங்கவில்லை. பானையிடம் பேசிய பிரெஞ்சை நம்பிப் பாண்டிச்சேரி வரை கனவு கண்டேனே என்று அழுகை வந்தது. அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் கிளம்ப வேண்டும். இரவு ரயிலுக்குக் கோயமுத்தூர் போய்ச் சேர வேண்டும். குழுவின் வழிகாட்டி, ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள், டிக்கெட் விஷயமாக முதல் நாளே கீழே போய்விட்டார். அன்று பார்த்து விடியற்காலையில் பர்லியாருக்குக் கொஞ்சம் மேலே மண் சரிந்து ரோடு அடைபட்டுவிட்டது. கோத்தகிரி வழியிலும் மரம் விழுந்திருக்கிறது. மலை ரயில் தண்டவாளத்தில் பாறை. முதலாளி எங்கள் வீட்டுக்கே ஆள் அனுப்பிவிட்டார், அம்முணி உடனே வரோணும் என்று.

நான் கிளம்பியபோது அப்பாவும் எழுந்து குரங்குக் குல்லாயைப் போட்டுக்கொண்டார். அன்று அவருக்கு லீவு. “மழையில சரிவுக்குப் போறீங்க. ஒத்தைல எப்படி அனுப்பறது? நானும் வாரேன்” என்றார். என் தோல்வியை நேரில் பார்க்கவும் ஒருவர் வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

விடுதிக் கூடத்தில் எல்லோரும் பெட்டிகளோடு நின்றிருந்தார்கள். முதலாளி நடுவில் நின்று முழங்கிக்கொண்டிருந்தார். “வீ வில் டிராப் யூ ஆஃப்! யூ கெட் டவுன், கிராஸ் ஓவர்! அதர் பஸ் வில் பிக் யூ அப்! பேர் வித் அஸ்!” அவர்கள் அவரையே மிரண்டுபோய்ப் பார்த்தார்கள். எங்கோ இறக்கிவிடப் போகிறார்கள் என்பது மட்டும் புரிந்திருக்கும்.

எங்கள் மலையில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. ரோடு சரிந்தால் யாரும் ரோடு திறக்கும்வரை காத்திருப்பதில்லை. மேலேயிருந்து வரும் வண்டி சரிவின் இந்தப் பக்கம் வந்து நிற்கும். கீழேயிருந்து வரும் வண்டி அந்தப் பக்கம் நிற்கும். சனங்கள் மூட்டை முடிச்சோடு மண்மேட்டைத் தாண்டி நடந்து, எதிர்ப்பக்கத்து வண்டியில் ஏறிக்கொள்வார்கள். வண்டிகள் வந்த வழியே திரும்பிப் போகும். எங்களுக்கு இது பஸ் மாறுகிற மாதிரி. குன்னூரில் பிறந்தவர்கள் யாரும் இதை ஒருவருக்கு விளக்கிச் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் அதுவரை விளக்க வேண்டி வந்ததில்லை.

முதலாளியின் வாக்கியங்களை மொழிபெயர்க்க எனக்குத் தெம்பில்லை. அவரை மறந்துவிட்டேன். நடக்கப்போவதை என் அம்மாவுக்குச் சொல்வதுபோல் சின்னச் சின்னதாகப் பிரெஞ்சில் சொன்னேன். “ரோடு விழுந்துவிட்டது. வருடா வருடம் விழும். அதன் மேல் நடந்து போவோம். அந்தப் பக்கம் ஒரு வண்டி காத்திருக்கிறது. அதில் வந்தவர்கள் நம் வண்டியில் ஏறுவார்கள். நீங்கள் அவர்கள் வண்டியில் ஏறுவீர்கள்.”

 ஒரு தாத்தா கேட்டார், “இதற்கு யார் அனுமதி கொடுப்பார்கள்?” மெதுவாகக் கேட்டதால் புரிந்தது. “யாருமில்லை. எல்லோரும் நடப்பார்கள்” என்றேன். பிறகுதான் உறைத்தது. அவர் கேட்டது எனக்குப் புரிந்திருக்கிறது, நான் சொன்னது அவருக்கும் புரிந்திருக்கிறது. திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். எதையும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

சரிவில் திருவிழாக் கூட்டம். நெடுஞ்சாலைத் துறையின் புல்டோசர் ஒரு மூலையில் உறுமிக்கொண்டிருக்க, மக்கள் எறும்புச் சாரையாகப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். கீழேயிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் சீர்த்தட்டுகளோடு வந்தது. மணப்பெண் புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தாள். மேலேயிருந்து கேரட் மூட்டைகள், ஒரு தையல் மிஷின், கூடையில் கோழிகள். சிவப்பு மழைக்கோட்டு அம்மா வேனிலிருந்து இறங்கி, சகதியையும் அதன் ஓரத்தில் தெரிந்த பள்ளத்தையும் பார்த்தார். நின்றுவிட்டார்.

“எனக்கு முழங்கால் சரியில்லை. என்னால் முடியாது.” அவர் நின்றதும் மற்றவர்களும் நின்றார்கள்.

ஹோல்ட் ஆன், கம் ஆன், வாட்ச் அவுட், ஸ்டெப் ஓவர் என்று முதலாளி இங்கே இருந்தால் ஒரு வால்கூட்டத்தையே அவிழ்த்துவிட்டிருப்பார். என்னிடம் இருந்தது வாலில்லாத பிரெஞ்சு மட்டும். ரயில் போய்விடும். இவர்கள் இங்கேயே நிற்பார்கள். நாளை நான் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். 

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “அறையில் இருந்த கோப்பை எழுதியது நீதானா?” என்று கேட்டார்.

“நான்தான்.”

“அந்தக் கடைசி வரியும்?” அதை அவர் மனப்பாடமாகச் சொன்னார். இந்த மலையில் எல்லோரும் எப்படியோ சமாளித்துக்கொள்கிறோம். நீங்களும் சமாளித்துவிடுவீர்கள். “இரண்டு நாளாக நாங்கள் எல்லோரும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கரண்ட் போனால் சொல்கிறோம், வெந்நீர் தீர்ந்தால் சொல்கிறோம். நிஜமாகத்தான் எழுதினாயா?”

“நிஜமாகத்தான்” என்று கையை நீட்டினேன். அவர் பிடித்துக்கொண்டார்.

அதன்பிறகு எனக்குத் தேவைப்பட்டது நாலைந்து சொற்கள்தான். என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கே கல். இங்கே குழி. வாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ‘தூஸ்மா’. மெதுவாக என்று அர்த்தம். பிரெஞ்சில் அதை ஒருமுறை சொன்னால் போதுமாக இருக்கலாம். நான் நம் வழக்கப்படி இரட்டித்தேன். மெல்ல மெல்ல, பாத்துப் பாத்து என்பதுபோல் தூஸ்மா, தூஸ்மா என்று சொல்லிக்கொண்டே பின்பக்கமாக நடந்தேன். அந்த அம்மா என் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தபடி வந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

பாதி தூரம் வந்திருப்போம். வரிசையின் கடைசியிலிருந்து ஒரு கனத்த குரல் கேட்டது.

“தூஸ்மாங்க! ஏனுங்கம்மா, தூஸ்மாங்க! அந்தக் கல்லு ஆடுது, அக்கட்டால கால வெய்யுங்க! தூஸ்மாங்க!”

அப்பா. தலையில் ஒரு பெட்டி, கையில் ஒரு பெட்டி, குரங்குக் குல்லாயிலிருந்து தண்ணீர் சொட்ட, குள்ளமான ஒரு பிரெஞ்சுப் பாட்டிக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். என்னிடமிருந்து அந்தச் சொல்லை எடுத்து, அதை அப்படியே விட்டால் பெரியவர்களுக்கு மரியாதைக்குறைவு என்று ஒரு ‘ங்க’ வைத்துத் தைத்திருக்கிறார். அந்தப் பாட்டி திரும்பி, “வீ, வீ” என்று ஆமாம் போட்டு, ஆடாத பக்கமாகக் காலை வைத்தார். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. என் கையைப் பிடித்திருந்த அம்மா எதற்கென்று தெரியாமலே சிரித்தார். சிரித்துக்கொண்டே மேட்டைத் தாண்டிவிட்டோம்.

அந்தப் பக்கம் வண்டி நின்றிருந்தது. அப்பா மூன்று நடை போய் எல்லாப் பெட்டிகளையும் கொண்டுவந்து சேர்த்தார். அவசரத்தில் நான் யாரையும் யாருக்கும் அறிமுகப்படுத்தவில்லை. சிவப்பு மழைக்கோட்டு அம்மா பையைத் துழாவினார். இந்திய ரூபாய் தீர்ந்திருக்க வேண்டும். ஒரு பிராங்க் நாணயத்தை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்து, நன்றி சொன்னார்.

“மதாம், இவர் என் அப்பா” என்றேன்.

அந்த அம்மாவின் முகம் மழைக்கோட்டு நிறத்துக்கு வந்துவிட்டது. மன்னிப்பு கேட்டுக்கொண்டே நாணயத்தைத் திரும்ப எடுக்கக் கையை நீட்டினார். அப்பா சட்டென்று விரல்களை மூடிக்கொண்டார்.

“என்ன கண்ணு, குடுத்ததைத் திருப்பிக் கேக்கறாங்களா?”

“இல்லீங்கப்பா. மன்னிப்பு கேக்கறாங்க. நீங்க யாருன்னு தெரியாம கூலி குடுத்துட்டாங்களாம்.”

“மன்னிப்பு எதுக்கு? நல்லாத்தானே தூக்கியாந்தேன்?” நாணயத்தைப் புரட்டிப் பார்த்தார். “நம்ம ஊட்ல பிரெஞ்சுல மொதல் சம்பளம் நாந்தான் வாங்கியிருக்கறேன், சொல்லு.”

சொன்னேன். வண்டிக்குள்ளிருந்து கைதட்டல் கேட்டது. அப்பா கூச்சப்பட்டுக் குல்லாயைச் சரிசெய்துகொண்டார். நாணயத்தைச் சட்டைப் பைக்குள் போட்டு, அதன் மேல் ஸ்வெட்டர் பொத்தானையும் போட்டார்.

“இன்னொண்ணும் சொல்லு அந்தம்மாகிட்ட.”

“என்னதுங்கப்பா?”

“என்ற புள்ள ஜனவரியில பாண்டிச்சேரி போகுது. அங்க ஒரு வருசம் படிச்சுட்டு வந்தா இன்னும் நல்லாப் பேசும். அடுத்த தடவ வர்றப்ப மண்ணு சரியாத மாசமாப் பாத்து வாங்கன்னு சொல்லு.”

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பிரெஞ்சும் வரவில்லை, தமிழும் வரவில்லை. மழை பெய்ததால் என் முகத்தில் வழிந்தது என்னவென்று யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த அம்மா என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா பொறுமையாகக் காத்திருந்தார்.

“ஏன், அதுக்கெல்லாம் பிரெஞ்சுல வார்த்தை இல்லியா?”

“இருக்குதுங்கப்பா.”

“அப்பச் சொல்லு. வண்டி கெளம்பப் போகுது.”

சொன்னேன். அந்த அம்மா என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அப்பா கொஞ்சம் தள்ளிப்போய், புல்டோசரை அக்கறையோடு பார்க்க ஆரம்பித்தார்.

திரும்பும்போது எங்கள் வேன் முழுக்கக் கல்யாணக் கூட்டம். அப்பா டிரைவருக்குப் பக்கத்தில் மடியில் ஒரு சீர்த்தட்டோடு உட்கார்ந்துகொண்டார். முதல் வளைவில் வேன் கொஞ்சம் வேகமாகத் திரும்பியது.

“தூஸ்மாப்பா, தூஸ்மா” என்றார்.

“என்னதுங்க?” என்றார் டிரைவர்.

“மெதுவாப் போன்னு சொன்னேன். பிரெஞ்சு. சந்தேகம்னா பின்னால என்ற புள்ள இருக்குது, கேட்டுப் பாரு.”